பாதிக் கூரை மேய்ந்த வீடு

1

ஊரிலிருந்து ஒரு படம் வந்திருக்கிறது. எங்கள் வீட்டைப் போட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். கொல்லிமலை அரியூர் நாட்டில் ஒரு கூரை வீட்டுக்குப் போட்டோ பிடித்துக்கொள்கிற யோகம் வந்ததே பெரிய சேதி. சேந்தமங்கலத்திலிருந்து படம் பிடிக்கிறவரைக் கெஞ்சிக் கூத்தாடி மலையேற்றி, அவர் பொட்டியையும் முக்காலியையும் ஆள் வைத்துச் சுமந்து, மஞ்சு விலகி வெயில் விழுகிறவரைக்கும் காத்திருந்து பிடித்தார்களாம். அவ்வளவும் நான் கேட்டேன் என்பதற்காக.

அப்பேர்ப்பட்ட படத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததும் நான் கலங்கிப் போய்விட்டேன். இரண்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஏன் கலங்கினேன், எப்படித் தெளிந்தேன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நம் பக்கத்து ஆட்கள் யாராவது படிக்காமலா போவீர்கள்? பயந்துகொண்டு படிக்க வேண்டாம். நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது. இப்போது வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அரியூர் நாட்டுச் சடையனுக்குத் தம்பி. எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம். சந்தைக்கு மிளகு சுமந்து இறங்கினவன், சேந்தமங்கலத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு நின்று, நாலு எழுத்துப் படித்து, கடைக்காரரின் உறவுக்காரர் ஒருவரோடு கப்பலேறினேன். இப்போது மலாயாவில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. கிராணி என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்க் கணக்கப்பிள்ளை வேலைதான். விடிவதற்கு முன்னால் களத்தில் ஆட்களைப் பேர் கூப்பிட வேண்டும். மத்தியானம் பால் எடை போட வேண்டும். பால் குறைந்தால் வெள்ளைக்காரத் துரை என்னை ஏசுவார். அந்த ஏச்சை நான் அப்படியே கங்காணிக்கு மாற்றிக் கொடுப்பேன். கங்காணி யாருக்குக் கொடுப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

என் வீட்டுக்காரி ராசம்மா இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அவள் அப்பன் பச்சைமலைக்காரர், அந்தக் காலத்தில் காடு வெட்ட வந்தவர். ராசம்மா இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வாயைத் திறந்தால் நம் மலைப் பேச்சுத்தான், அதுவும் கொஞ்சம் காரமாக. மகள் பாக்கியம், மகன் முருகேசன். இரண்டும் வேறு ரகம். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் முருகேசன் இன்னமும் குளிக்கும்போது ஜப்பான் பாட்டுப் பாடுகிறான். அவனைத் திட்டினால் மலாயில் முணுமுணுக்கிறான். கொல்லிமலையைப் பற்றி நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், "அங்க ரப்பர் மரம் இல்லைன்னா சனங்க என்னதான் வேலை செய்யும்?" என்று கேட்கிறான். சாமையும் தினையும் என்றால் அவனுக்கு அது குருவித் தீனி. சண்டையில் வருஷக்கணக்காக மரவள்ளிக்கிழங்கையே தின்று வளர்ந்த பிள்ளைக்கு இந்த எகத்தாளம்.

பிள்ளைகளை ஒரு தடவை ஊருக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. இன்னும் நாலைந்து வருஷம் போனால் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். வந்தாலும் பேச்சுப் புரியாமல் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். சண்டை முடிந்து கப்பல் ஓட ஆரம்பித்ததும், பழைய ஆட்களுக்கு ஊர் போய்வர லீவு தருவதாகத் தோட்டத்தில் சொன்னார்கள். என் பேரை முதலில் கொடுத்தேன். மனசெல்லாம் பறந்தது. அப்போதுதான் அந்தச் சிப்பாய் வந்து சேர்ந்தார்.

3

வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது இந்தியப் பட்டாளமும் கூட வந்தது தெரிந்த கதை. ஒரு நாள் ஈப்போ பசாரில் நான் கருவாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "ஏனுங்க, நீங்க நம்ம பக்கமுங்களா?" என்றது. திரும்பினால் காக்கிச் சட்டைக்காரப் பட்டாளத்து ஆள். சொந்த ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. வீட்டுக்கு வரச் சொல்லி, கோழி அடித்துச் சோறு போட்டோம். சாப்பிடும்போது பாக்கியம், "அப்பா, தண்ணிச் சொம்பு கீரிப் பக்கம் இருக்கு" என்றாள். மலாயில் கீரி என்றால் இடது பக்கம். பாவம், மனுஷன் சோற்றை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் கீரியைத் தேடினார். வீடே சிரித்தது.

கை கழுவிய பிறகு, மலையில் எந்த நாடு என்று கேட்டார். அரியூர் நாடு என்றேன். வெற்றிலையை எடுத்தார், வைத்தார். என்ன என்று நான் விடாமல் கேட்டதும் மெல்லச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க. மலாயா போன ஒருத்தரு சயாம் ரயில் ரோட்டுல செத்துட்டாருன்னும், அரியூர் நாட்டுல அவருக்குக் கருமாதி பண்ணீட்டாங்கன்னும் சந்தையில பேசிக்கிட்டாங்க. அது நீங்கதானா, வேற ஆருமான்னு எனக்குத் தெரியலீங்க."

அரியூர் நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான். சயாமில் ரயில் ரோடு போட ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனான். எங்கள் தோட்டத்திலிருந்தும் போனார்கள், பாதிப் பேர் திரும்பவில்லை. நான் அப்போது குளிர்காய்ச்சல் கண்டு எலும்புக்கூடாகக் கிடந்ததால் விட்டுவிட்டுப் போனான். காய்ச்சல் காப்பாற்றிய உயிர் இது. கடுதாசிப் போக்குவரத்து அடியோடு நின்றுபோன காலம். ஊரில் யாரோ எதையோ சொல்லி, என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

செத்துப் போகாதவனுக்குக் கருமாதி செய்தால் என்ன, ஆயுசு கெட்டி என்று கீழ்நாட்டில் சிரித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

4

வீட்டைக் கட்டியவர் எங்கள் அப்பாரு, அதாவது அப்பனைப் பெற்றவர். குண்டனி நாட்டில் பங்காளிகளோடு சண்டை போட்டுக்கொண்டு, கொடுவாளும் ஒரு கன்றுக்குட்டியுமாக அரியூர் நாட்டுக்கு வந்தவர். வந்த இடத்தில் ஒற்றை அறை கட்டினார். மூங்கிலைப் பின்னி மண் பூசிய சுவர், மேலே தானியம் போட்டுவைக்கப் பரண், அதற்கு மேல் புல் கூரை. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க வீட்டைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போனார். ஆனால் முகட்டை மட்டும் துண்டாக விடவில்லை. எத்தனை அறை வந்தாலும் ஒரே முகடு. பங்காளிச் சண்டையில் வீட்டை இழந்து வந்தவர் இல்லையா, தன் வீட்டை யாரும் பிரிக்கக்கூடாது என்று அந்த ஏற்பாடு.

அந்தக் காலத்தில் மலையை அளக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் அப்பாருவைப் படம் பிடிக்கக் கேட்டாராம். "என்னையப் புடிச்சுக்கிட்டுப் போயி என்ன பண்ணுவ, கன்னுக்குட்டியப் புடி" என்று அப்பாரு ஒதுங்கிக்கொண்டாராம். அவரும் விடாமல் கன்றையே பிடித்து, பிறகு யாரிடமோ படத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஆகவே எங்கள் குடும்பத்தின் முதல் போட்டோவில் இருப்பது ஒரு கன்றுக்குட்டியும் பாதிக் கதவும்தான். சின்ன வயசில் அதைக் காட்டித்தான் எங்களுக்கு, "இதுதாண்டா நம்ம ஊடு" என்பார்கள்.

அப்பனுக்குப் பிறகு வீடு எங்கள் இருவருக்கும் வந்தது. வாசலில் நின்று வீட்டைப் பார்த்தால் சோத்தாங்கைப் பக்கத்துப் பாதி அண்ணனுடையது. நொட்டாங்கைப் பக்கத்து இடது பாதி என்னுடையது. அம்மா என் பாதியில் என்னோடு இருந்தாள். ஒரே முகடு, இரண்டு கதவு.

இனி வழக்கத்துக்கு வருகிறேன். புல் கூரை இரண்டு மூன்று மழைக்கு மேல் தாங்காது. கூரை மேய்கிற வருஷத்தில் மாசி மாதம் புல் அறுத்துக் காயவைப்பார்கள். அவனவன் பாதியை அவனவன் மேய வேண்டும். ஒருத்தன் வெளியூர் போயிருந்தால் அவன் பாதியை உடன்பிறந்தவன் மேய்வான். செத்துப் போனால் மட்டும், அவன் பாதியை ஒரு மேய்ச்சல் மேயாமல் விட்டுவிடுவார்கள். கூரை தானாகக் கறுத்து, இற்று, ஓட்டை விழும். போன உயிர் தடங்கல் இல்லாமல் அந்த வழியாகப் போகட்டும் என்பார்கள். அதற்கு அடுத்த மேய்ச்சலில் அந்தப் பாதி இருக்கிறவன் பங்காகிவிடும். எங்கள் அப்பன் போன பிறகு அவர் படுத்த இடத்துக்கு மேலே அப்படி விட்டார்கள். படுத்துக்கொண்டு ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அழுகையாக வரும்.

அப்படிக் கருமாதி செய்து கூரையை விட்ட பிறகு, செத்தவன் உயிரோடு வந்து நின்றால்? வந்தான் ஒருத்தன். பக்கத்துக் காட்டுக்காரன், கண்டிச்சீமைக்கு, அதுதான் சிலோனுக்குப் போய்ச் செத்துவிட்டதாகச் சேதி வந்தவன், ஒரு நாள் தலையில் துணி மூட்டையோடு ஏறி வந்தான். பெற்றவள் கட்டிக்கொண்டு அழுதாள். சோறும் ஆக்கிப் போட்டாள். ஆனால் மாட்டுப்பட்டியில் வைத்துத்தான் போட்டாள். கதவுக்குள் விடவில்லை. வழியனுப்பிய உயிர் திரும்ப உள்ளே வந்தால் அது வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பயம். சில மாதம் பட்டியிலேயே படுத்துக் கிடந்தவன், பிறகு சேந்தமங்கலத்துக்கு இறங்கி மூட்டை தூக்கப் போனான். அங்கேயே செத்தும் போனான். அவன் பட்டியில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவனை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

5

சிப்பாய் போன பிறகு எனக்கு ஒரே நினைப்புத்தான். எனக்கு ஊரில் வீடு இருக்கிறதா, இல்லையா? பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி, மலையேறிப் போய், மாட்டுப்பட்டியில் உட்கார்ந்து சாப்பிடவா? இது உங்க அப்பாவின் வீடு என்று எந்தக் கதவைக் காட்டுவேன்?

சண்டை முடிந்த கையோடு, உயிரோடு இருக்கிறேன் என்று ஊருக்கு எழுதியிருந்தேன். பதிலும் வந்தது. சேந்தமங்கலத்தில் யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடம் சுகத்துக்குப் பதில் எழுதவும், அம்மா கேட்டதாக அறியவும். அவ்வளவுதான். எனக்குக் கருமாதி செய்தீர்களா என்று நான் எப்படி எழுதிக் கேட்பேன்? ஊரான் ஒருத்தன் அதைச் சத்தமாக வாசிக்க, எங்கம்மா உட்கார்ந்து கேட்பாளா? அதனால்தான் வீட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள், பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று எழுதினேன். கூரையைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இதற்கிடையில் பயண அனுமதிக்காக டவுன் ஆபீசுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கேரளத்துக்காரர். பிறந்த இடம் கொல்லிமலை என்றேன். என்ன ஜாதி என்றார். மலையாளி என்றேன். நம் மலை சனங்களுக்குச் சர்க்கார் வைத்த பேர் அதுதானே. மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பாஷையில் வீட்டு நலம் விசாரிக்க ஆரம்பித்தார். நான் திருதிருவென்று முழித்தேன். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, நான் தமிழன்தான், மலையில் இருப்பதால் மலையாளி என்று விளக்கி முடிப்பதற்குள் பின்னால் வரிசை பொறுமை இழந்துவிட்டது. அவருக்குக் கோபம். சொந்தப் பாஷையை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. வீட்டு நம்பர் கேட்டார். நம்பர் இல்லை என்றேன். தெரு? தெருவும் இல்லை. கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இறங்கிப் போய்த் தங்கச் சொந்த வீடாவது இருக்கிறதா என்று கேட்டார். குடும்பத்தோடு போகிறவர்களிடம் அதைக் கட்டாயம் கேட்க வேண்டுமாம்.

எல்லோருக்கும் ஆமாம் என்று சொல்லத் தெரிந்த கேள்வி. நானோ விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சொந்த வீடு இருக்கிறதா என்று விசாரிக்கப் போகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். மாசக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் கப்பலில் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் களத்தில் ஆட்கள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

6

இப்படி இருக்கும்போதுதான் படம் வந்தது. அட்டையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

சோத்தாங்கைப் பக்கத்துப் பாதி புதுசாக மேய்ந்திருந்தது. புல் நுனி ஒழுங்காக வெட்டி, பார்க்க அத்தனை லட்சணம். கதவு திறந்திருக்கிறது. அதற்கு முன்னால் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அண்ணன், அண்ணி, அவர்கள் பையன்கள். நொட்டாங்கைப் பக்கத்துப் பாதி கறுத்து இற்றுப் போய், நடுவில் தொய்ந்து, ஒரு மூலையில் மூங்கில் வரிச்சு வெளியே தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் ஒரு கோழிகூட இல்லை.

அது என் பாதி. எனக்குக் கருமாதி செய்துவிட்டார்கள். என் உயிரை அந்த ஓட்டை வழியாக வழியனுப்பிவிட்டார்கள். என்னோடு இருந்த அம்மாவும் அண்ணன் பாதிக்குப் போய்விட்டாள்.

பின்னாலிருக்கும் மலைகூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. மலையிறங்குகிற வரைக்கும் தினமும் பார்த்த மலை, யாருடைய மலையோ மாதிரி இருந்தது. மஞ்சில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். அப்புறம், செத்தவனுக்கு மலை எதற்குத் தெரிய வேண்டும் என்றும் தோன்றியது. அந்த அளவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

யார்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் என்ன செய்வார்கள்? சேதி வந்தது, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். படத்தை ராசம்மாவிடம் கொடுத்துவிட்டு, பயணம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்டால் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். சோறு வைத்தால் எழுந்து போனேன். ராசம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளில், கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சொன்னால்தான் வழி விடுவேன் என்றாள். சொன்னேன். கூரை வழக்கம், கண்டிச்சீமைக்காரன் கதை, சிப்பாய் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டும்போது அழுதும் விட்டேன். பிள்ளைகள் அப்பன் அழுவதை முதல் தடவை பார்த்தார்கள். முருகேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

7

எங்கள் குடும்பத்தில் இரண்டாவதாக ஒரு படம் உண்டு. நான் கப்பலேறப் புறப்பட்டபோது, அண்ணன் என்னைச் சேந்தமங்கலம் வரைக்கும் கொண்டுவந்து விட்டு, ஒரு படக்கடையில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. பின்னால் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரை. முன்னால் கோவணத்துக்கு மேல் புது வேட்டி கட்டிய நாங்கள் இரண்டு பேர். அண்ணனின் சோத்தாங்கை சின்ன வயசில் பலா மரத்திலிருந்து விழுந்து ஒடிந்தது. நேராகக் கூடவில்லை. முழங்கையில் மடங்கியபடியே இருக்கும், எதையோ இடுக்கிக்கொண்டு நிற்கிறவன் மாதிரி. அந்தப் படத்தை ராசம்மா கலியாணமான நாளிலிருந்து சுவரில் மாட்டித் துடைத்துக்கொண்டு வருகிறாள். பார்க்காத மூத்தாரை அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

என் அழுகை ஓய்கிறவரைக்கும் அவள் புதுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பழைய படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.

"ஏனுங்க, உங்கண்ணனுக்கு எந்தக் கையி கோணலு?"

"சோத்தாங்கை. ஏன்?"

"இதுல நொட்டாங்கையில்ல கோணலா இருக்குது?"

வாங்கிப் பார்த்தேன். இருந்தது. மடங்கிய கை அண்ணனின் இடது பக்கத்தில் இருந்தது. ஒரு கை ஒடிந்தவனுக்கு இன்னொரு கையும் ஒடிந்து, ஒடிந்தது நேராகிவிட்டதா? பாக்கியம் எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணன் பையன் போட்டிருந்த சட்டையைக் காட்டினாள். சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. "அப்படி எந்தத் தையக்காரன் வெப்பான்?" என்றாள் ராசம்மா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு இன்னும் விளங்கவில்லை. கணக்குப் போடுகிற மூளை அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை.

அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போய் முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, படத்தைக் கண்ணாடிக்குக் காட்டினாள்.

கண்ணாடிக்குள் எங்கள் மலை இருந்தது. எங்கள் மலையேதான். மேற்கே சரிந்து, நடுவில் மாட்டு முதுகு மாதிரி குழிந்து, மறுபடி எழும்புகிற அந்த மலை. அண்ணனின் கை சரியான கையாகிவிட்டது. சட்டைப் பை இடத்துக்கு வந்துவிட்டது. புதுசாக மேய்ந்த பாதி நொட்டாங்கைப் பக்கத்துக்கு வந்துவிட்டது.

படம் கழுவுகிறவர் அவசரத்தில் படம் விழுந்த கண்ணாடித் தகட்டைப் புரட்டி வைத்துப் படம் போட்டிருக்கிறார். இடம் வலமாகி, வலம் இடமாகிவிட்டது. மனுஷனுக்கு மலையேறி இறங்கிய களைப்பாக இருந்திருக்கும். அவரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று நாள் என்னைச் சாகடித்தார், பரவாயில்லை, அவர் நன்றாக இருக்கட்டும்.

மேய்ந்திருப்பது என் பாதி. திறந்திருப்பது என் கதவு. அம்மா உட்கார்ந்திருப்பது என் வாசலில், அவள் எப்போதும் உட்காருகிற இடத்தில். எனக்கு யாரும் கருமாதி செய்யவில்லை. "நான் சாகலடி ராசம்மா" என்றேன். "அதான் தெரியுதே, மொதல்ல சோத்தத் தின்னுங்க" என்றாள். அன்றைக்குத் தின்ற சோற்றுக்கு ருசியே தனி. உடம்பு காற்றாகிவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, கண்ணாடியில் காட்டிக் காட்டி, இது பெரியப்பா, இது அப்பத்தா, இது நம்ம கதவு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முருகேசன் கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டான். நம்ம கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கூடக் கேட்டான்.

8

சந்தோஷம் கொஞ்சம் அடங்கின பிறகுதான் மற்றப் பாதியைப் பார்த்தேன்.

கறுத்து, இற்று, ஓட்டை விழுந்து கிடந்தது அண்ணன் பாதி. சயாமில் நான் செத்துவிட்டதாக ஊருக்குச் சேதி வந்தது மெய்யாகத்தான் இருக்கும். கருமாதியை முடி, தம்பி பாதியை விட்டுவிடு என்று ஊர் சொல்லியிருக்கும். சொல்லாமல் இருக்காது. கோணல் கையை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாய் ஒரு மேய்ச்சலுக்கு ஒரு பாதிதான் அவனால் மேய முடியும். நான் இருந்தபோது முகட்டில் ஏறிப் புல் வாங்குகிறவன் நான், கீழிருந்து எடுத்துக் கொடுக்கிறவன் அவன். அந்தக் கையோடு அவன் எப்படி முகட்டில் ஏறினான் என்று எனக்குத் தெரியவில்லை. ஏறி, அத்தனை லட்சணமாக, தன் பாதியை விட்டுவிட்டு என் பாதியை மேய்ந்திருக்கிறான்.

விட்ட பாதி எங்கள் பக்கம் செத்தவன் பாதி. உயிரோடு இருக்கிற மனுஷன், பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவன், தன் தலைக்கு மேல் செத்தவன் கூரையை வைத்துக்கொண்டு ஊர் நடுவில் இருந்திருக்கிறான். தம்பி செத்தான் என்று ஒத்துக்கொள்வதைவிட அது அவனுக்குப் பெரிசாகப் படவில்லை. படத்தில் அவன் முகத்தை உற்று உற்றுப் பார்க்கிறேன். ஒன்றும் நடக்காத மாதிரி, வெயில் கூச, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடுதாசியில் ஒரு வார்த்தை இதைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. அவன் அப்படித்தான். அவனை அண்ணனாகப் பெற நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

மறுநாள் விடிந்ததும் துரையிடம் சொல்லிக்கொண்டு டவுன் ஆபீசுக்குப் போனேன். அதே குமாஸ்தா. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, என்ன, வீடு இருக்கிறதா, விசாரித்தாயிற்றா என்றார்.

"இருக்குதுங்க. பாதி ஊடு ஒழுகுது, அது எங்கண்ணன் பாதி. ஆடி மழைக்கு முன்னால போயி நான் மேய்ஞ்சு குடுக்கோணும். எந்தக் கப்பலு மொதல்ல போகுதோ அதுல எடம் போடுங்க."